நரி போட்ட லைட்டு

போன வாரம் ஷிஃப்ட் முடிந்து கும்மிடிப்பூண்டி அறைக்குத் திரும்பி, பாதுகாப்பு ஷூவைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அறைத் தோழிக்கு ஊர் ஆர்.கே.பேட்டை. அவள் அம்மா கொடுத்தனுப்பிய பொட்டலத்தைப் பிரித்தாள். பொரி, பொட்டுக்கடலை, நடுநடுவே வறுத்த ஈசல். நெய் லேசாகக் கருகியது போன்ற அந்த வாசனை வந்ததும் எனக்கு ஒரு நரியின் ஞாபகம் வந்து சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இன்னாடி சிரிச்சிக்கினுகீற? ஈசல் துன்ன மாட்டியா?"

"துன்னுவேன். ஒரு நரிகூட பங்கு போட்டே துன்னுக்கீறேன்."

அவள் பொட்டலத்தைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அவளுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். திருப்பாச்சூரைத் தாண்டி எங்களுக்கு ஒன்றரை ஏக்கர். பெரும்பகுதி நெல், மிச்சத்தில் வேர்க்கடலை, ஓரத்தில் வீடு, வீட்டை ஒட்டி அம்மாவின் கோழிக்கூடு. வேலிக்கு அந்தப் பக்கம் யாருடையதோ தரிசு. முள்ளும் கரையான் புற்றுமாகக் கிடக்கும். அங்கேதான் நரி வளை தோண்டியிருந்தது. பெரிய நரி என்று பயந்துவிடாதீர்கள். குள்ளநரி, கொழுத்த பூனையைவிடச் சற்றே உயரம். வால் நுனி மட்டும் மையில் தோய்த்தெடுத்தது போலக் கறுப்பு.

நான் அப்போது பாலிடெக்னிக்கில் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்துக்கொண்டிருந்தேன். எதைப் பார்த்தாலும் வகை பிரித்து வரிசைப்படுத்தும் வியாதி முற்றியிருந்த காலம். நரியின் சாப்பாட்டையும் விடவில்லை: வரப்பில் ஓட்டை போடும் நண்டு, எலி, வெட்டுக்கிளி, இலந்தைப்பழம், எங்கள் கடலை, எப்போதாவது அம்மாவின் கோழி. அம்மாவின் வரிசையில் அந்தக் கடைசி அயிட்டம் மட்டும்தான் இருந்தது.

நைனாவின் வரிசையே வேறு. பட்டா விஷயமாகத் திருவள்ளூருக்குப் போகும் நாட்களில் விடியலில் வரப்பில் நின்று நரி முகத்தில் விழித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார். வேலை நடக்காமல் திரும்பினால் குற்றம் ஆபீஸுடையது ஆகாது. "இன்னிக்கி அது சரியா மூஞ்சி காட்டல" என்பார். என் முதல் இன்டர்வியூ அன்றும் என்னை அரைத்தூக்கத்தில் இழுத்துப் போனார். நான் கண்ணைக் கசக்கித் திறப்பதற்குள் நரி திரும்பிக்கொண்டது. எனக்குக் கிடைத்தது வால். வேலை கிடைத்தது, ஆனால் கான்ட்ராக்ட். முகத்தைப் பார்த்திருந்தால் பர்மனென்ட் ஆகியிருக்கும் என்று நைனா இன்றும் நம்புகிறார்.

அந்த இன்டர்வியூவுக்கு முந்தைய வருஷம்தான், அடைகாத்துக்கொண்டிருந்த செவலைக் கோழி போனது. முட்டைகள் ஆறிப்போய்க் கிடந்ததைப் பார்த்துவிட்டு அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. பக்கத்துத் தெருவில் இருக்கும் அம்மாவின் தம்பி, என் மாமா, வழி சொன்னார்.

"கோழிக் கொடல்ல மருந்து தடவி வளையாண்ட போட்டுட்றேங்கா. ஒரே நாள்ல பேஜாரு முடிஞ்சிடும்."

"போட்றா" என்றாள் அம்மா.

நான் குறுக்கே விழுந்தேன். கொல்ல வேண்டாம், கூட்டுப் பக்கமே வராமல் விரட்டிக் காட்டுகிறேன் என்றேன்.

"படிச்ச புள்ள சொல்ற, பாக்கலாம். ஆனா இன்னொரு கோழி போச்சின்னா உங்க மாமன் இஷ்டம்."

கூட்டுக்கு எதிரே முருங்கை மரத்தில் ஒரு விளக்கு கட்டினேன். இருட்டிய பிறகு ஏதாவது அசைந்தால் தானே எரியும், அசைவு நின்றால் கொஞ்ச நேரத்தில் அணையும். முதல் நாள் நரி பிடித்த ஓட்டத்தைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் அது தூரத்தில் நின்று யோசித்தது. அதற்கப்புறம் விளக்கு எரிய எரிய அடியில் உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டது.

மாமா இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். "காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணம்னு கேட்டுக்கீறேன். பந்தலுக்கு லைட்டு கட்னவ நீதான்!"

அந்த வாரமே நல்ல மழை. மழை விட்ட சாயங்காலம் புற்றுகளிலிருந்து ஈசல் புகை மாதிரி கிளம்பியது. ஈசல் வெளிச்சத்துக்கு வரும், விளக்குக்குக் கீழே தண்ணீர் வைத்தால் அதில் விழும், வழித்தெடுத்து வறுக்கலாம். அம்மா பெரிய குண்டானில் தண்ணீரோடு முருங்கை மரத்தடியில் போய்க் குந்தினாள். விளக்கு எரிந்தது. ஈசல் கொட்டியது. குண்டானுக்கு அந்தப் பக்கம் சத்தமில்லாமல் நரி வந்து உட்கார்ந்தது.

அம்மா அப்படியே உறைந்துவிட்டாள். நரி, தரையில் விழுந்ததைப் பொறுக்கித் தின்றுவிட்டு அதுவும் அசையாமல் மேலே பார்த்தது. இருவரும் சிலையாக இருந்ததால் விளக்கு அணைந்துவிட்டது. ஈசலின் அசைவெல்லாம் என் சென்சாருக்குப் போதாது. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருட்டில் நரி எழுந்து, சாவகாசமாக ஒரு சுற்று நடந்து, பழைய இடத்தில் உட்கார்ந்தது. பளிச்சென்று விளக்கு வந்தது.

"ஏய்... அதுவே லைட்டு போட்டுக்குதுடி!"

டிப்ளமா முழுக்கப் படித்து முடித்த பிறகும் என்னைப் பார்த்து அம்மா அப்படி வாய் பிளந்ததில்லை. அன்றைக்கு விளக்கு அணையும்போதெல்லாம் நரி எழுந்து நடந்தது. அம்மா கையைக்கூட அசைக்காமல் குண்டானை நிரப்பிக்கொண்டு வந்தாள். வறுத்ததில் ஒரு கைப்பிடியை வேலி ஓரத்தில் போட்டதையும் நான் பார்த்தேன்.

மழை ஓய்ந்தபின் ஒரு காலை, கழுத்தில் இறகில்லாத கறுப்புக் கோழி ஒன்றைக் காணவில்லை. சேதி தெரிந்து மாமா மருந்துப் பொட்டலத்தோடு வந்து நின்றார்.

"நரிதானக்கா?"

"நரி இன்னாத்துக்குடா வருது? கீரி. என் கண்ணால பாத்தேன்."

"கீரி கோழிய தூக்கிக்கினு வேலி தாண்டுமா?"

"உன்ன மாதிரி சோம்பேறிக் கீரி இல்லடா அது. போயி நாஷ்டா துன்னு, போ."

மாமா போகும்வரை அம்மா வேலியோரம் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. பாதத்துக்கு அடியிலிருந்து இரண்டு கறுப்பு இறகுகள் நீட்டிக்கொண்டிருந்தன.

தரிசு நிலம் பிறகு கைமாறியது. முள்ளையும் புற்றையும் வழித்தெறிந்து கோடவுன் கட்டினார்கள். அதோடு நரியையும் காணவில்லை. மதில் முழுக்க விளக்குகள். மழை விட்டால் வருகிற கொஞ்சநஞ்ச ஈசலும் அங்கேதான் போய் விழுகிறது, குண்டானோடு யாரும் நுழைய முடியாது. என் விளக்கு முருங்கையில் இன்னும் இருக்கிறது. இருட்டினால்தான் எரியும் என்று அமைத்திருந்தேன். இப்போது அங்கே இருட்டுவதில்லை.

நேற்று காலை அம்மா போன் செய்தாள்.

"ஏய், பொட்டக்கோழி ஒண்ண காணோம்டி!" இப்படி ஒரு துள்ளலை அவள் குரலில் கேட்டு ரொம்ப நாளாகிறது.

"கீரியா இருக்கும்மா."

"சும்மாரு, கீரியாம் கீரி. உங்க நைனா வரப்பாண்ட போயி பாத்துக்கினுகீறாரு."

ஷிஃப்ட் முடிந்ததும் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து நானே கூப்பிட்டேன். "இன்னாம்மா ஆச்சி?"

அவள் குரலில் காலையில் இருந்த துள்ளல் இல்லை.

"கோழி வந்துட்ச்சிடி" என்றாள். "கோடவுன் செவுத்தாண்ட மேஞ்சிக்கினு இருந்துக்கீது."