மருந்து போடாத தோட்டா

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் கணவருடைய வலது கை தப்பியது. இடது கையும் தப்பியது என்றுதான் சொல்ல வேண்டும் – கைத்துப்பாக்கியை இரண்டு கையாலும் சேர்த்துத்தானே பிடிக்கிறார்கள்!

பயந்துவிடாதீர்கள். எல்லாரும் சுகம். அந்த நிம்மதியில்தான் இந்த வாரம் எழுதவே உட்கார்ந்திருக்கிறேன்.

என் கணவர் சிவநேசன் ஆக்லாந்து நகர மையத்தில் ஒரு பார்மசியில் மருந்தாளர். லின்ஃபீல்டிலிருந்து பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருகிற, குரல் உயர்த்தாத மனிதர். நாலு வருடத்துக்கு முன் திடீரென்று, "நான் பிஸ்டல் கிளப்பில சேரப்போறன்" என்றார். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஊரைவிட்டு வந்த ஆட்கள் நாங்கள். இங்கே வந்து, விரும்பிப் போய் அதைக் கையில் எடுப்பதா?

"அது ஆளைச் சுடுறதில்லையப்பா. கடதாசியைச் சுடுறது" என்றார்.

லைசென்ஸ், போலீஸ் விசாரணை, வீட்டில் சுவரோடு பூட்டிய இரும்புப் பெட்டி... எல்லாம் முடித்துச் சேர்ந்தும்விட்டார். நான் வாய் மூடிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், மனிதர் ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் திரும்பி வந்தார்.

பிறகு கராஜில் ஒரு மேசை முளைத்தது. சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கோதுகளை எறியாமல் பொறுக்கி வந்து, கழுவி, புதிதாக வெடிமருந்து போட்டு, குண்டு பொருத்தி மறுபடியும் தோட்டாவாக்குவார். கிளப்பில் பலர் செய்கிறார்களாம். வாரநாளில் ஒரு மருந்து, வார இறுதியில் இன்னொரு மருந்து! அளவையில் அவரை மிஞ்ச ஆள் உண்டா என்று நானும் விட்டுவிட்டேன்.

சரி, ஞாயிறுக்கு வருவோம்.

அன்று கிளப்பில் குடும்பங்களும் வரலாம் என்றார்கள். நானும் போனேன். காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி, சுடுபவர்களுக்குப் பின்னால் ஒரு பெஞ்ச். சுடும் வரிசையை அன்று கவனித்தவர் கோவிந்த். பிஜியில் பிறந்தவர், பென்ரோஸில் வெல்டர். தமிழ் கொஞ்சம் தெரியும். அதைவிடக் கூடுதலாகச் சிரிக்கத் தெரியும்.

நாலு பேர் ஒரே நேரத்தில் சுட்டுக்கொண்டிருந்தார்கள். காதை மூடியும் நெஞ்சுக்குள் இடி. என் கண் இவருடைய முதுகிலேயே இருந்தது. ஒரு வெடி... இன்னொரு வெடி... அடுத்து இவர் கை துப்பாக்கியின் மேல்பக்கத்தைப் பிடித்துப் பின்னால் இழுத்து விட்டது. மறுபடி குறி பார்த்தார்.

"ஸ்டாப்! சிவா, ஸ்டாப்! விரல் எடு!"

கோவிந்துக்கு அப்படிக் கத்தத் தெரியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. வரிசை முழுவதும் அமைதியாகிவிட்டது. இவர் விரலை எடுத்தார். துப்பாக்கியை இலக்கின் பக்கமே காட்டியபடி கொஞ்ச நேரம் அப்படியே நிற்கச் சொன்னார் கோவிந்த். பிறகு தோட்டாக்களை வெளியே எடுத்து, துப்பாக்கியைக் கழற்றி, குழாய்க்குள் ஒரு மெல்லிய பித்தளைக் கம்பியை விட்டார்.

கம்பி பாதியில் நின்றது.

"பாரு. குண்டு உள்ளேயே இருக்கு."

நான் எழுந்து கிட்டப் போனேன். என்ன நடந்தது என்று எனக்கு விளக்கியவரும் அவர்தான். இந்த வகைத் துப்பாக்கி தன் வேலையைத் தானே செய்யும். ஒவ்வொரு வெடியின் வேகமும் மேல்பகுதியைப் பின்னால் தள்ளி, வெற்றுக் கோதை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை ஏற்றும். இவர் செய்த ஒரு தோட்டாவுக்குள் மருந்தே இல்லை! அடியில் இருக்கிற சின்னப் பொறி மட்டும் வெடித்து, குண்டைக் குழாயின் நடுவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. மேல்பகுதி அசையவில்லை. ஏதோ சிக்கிவிட்டது என்று இவர் கை பழக்கத்தில் இழுத்து, அடுத்ததை ஏற்றிவிட்டது.

"அடுத்தது சுட்டிருந்தா?" என்றேன்.

கோவிந்த் தன் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து, விரல்களை விரித்துக் காட்டினார். சிரிக்கவில்லை.

"உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சது?"

"சத்தம் சின்னது அக்கா. டப்... அவ்வளவுதான். கோதும் வெளியே வரலை."

"நீங்கள் பிழையா விளங்கியிருந்தா?"

"தப்பா கத்தினா ஒரு சாரி சொல்லுவேன்."

வீட்டுக்கு வரும் வழியில் காரை நான்தான் ஓட்டினேன். அவர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நூறு தோட்டா செய்திருந்தார். சுட்டது முப்பது. மிச்சத்தை என்ன செய்வது? "தராசில நிறுத்துப் பாத்தாக் காணாதோ?" என்று என் அறிவைக் காட்டினேன். அது போதாதாம். கோதுக்குக் கோது எடை வித்தியாசம், அந்தத் துளி மருந்தைவிடக் கூட வருமாம். ஆகவே ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். சாப்பிடாமல் கராஜுக்குள் போனார். குண்டைக் கழற்றுவது, மருந்தைக் கொட்டுவது, நிறுப்பது. நான் கதவருகில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

நாற்பதைத் தாண்டியிருக்கும். தராசைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

"இஞ்ச வாரும்."

அந்த ஒன்றில் மட்டும் இரண்டு பங்கு மருந்து.

இல்லாத ஒன்று, இரட்டிப்பாக ஒன்று. கொஞ்ச நேரத்தில் அவருக்கு ஞாபகம் வந்தது. எனக்கும் வந்தது. அதற்கு முந்தின வாரம், டொரண்டோவிலிருந்து அவருடைய அக்கா வீடியோவில் வந்தார். கராஜ் கதவைத் தட்டி, "ஒருக்கா வந்து முகத்தைக் காட்டிட்டுப் போங்கோ" என்று கூப்பிட்டது யார்? நான்தான்!

இடப்பக்கம் மருந்து போடாத கோதுகள், வலப்பக்கம் போட்டவை – அதுதான் அவர் முறை. நான் கூப்பிட்ட அவசரத்தில், கையிலிருந்த வெறும் கோதை வலப்பக்கத்தில் வைத்துவிட்டார். அரை மணி நேரம் கதைத்துவிட்டு வந்து, வலப்பக்கத்தில் வைத்தது ஞாபகம் இருந்ததால், அங்கிருந்து ஒன்றை எடுத்து மருந்து போட்டார். எடுத்தது, ஏற்கெனவே மருந்து போட்ட பக்கத்துக் கோது.

"நான் கூப்பிட்டிருக்கக் கூடாது" என்றேன்.

"நீர் கூப்பிட்டதில பிழையில்லையப்பா. திரும்பி வந்த உடன எல்லாத்தையும் கொட்டிப்போட்டு முதல்ல இருந்து துவங்கியிருக்க வேணும். டோர்ச் அடிச்சு ஒவ்வொண்டுக்குள்ளயும் பாத்திருக்க வேணும். பார்மசியில எண்டா செய்திருப்பன்."

யோசித்துப் பாருங்கள். வேலையிடத்தில் இவர் எண்ணுகிற மாத்திரையை இன்னொருவர் சரிபார்க்காமல் வெளியே விடமாட்டார்கள். மருந்து அளக்கும்போது யாரும் தோளைத் தட்டமாட்டார்கள். அதே மனிதர் வீட்டுக்கு வந்தால்? 'ஒரு நிமிஷம்' என்று கூப்பிடுகிறோம். அவரும் வந்துவிடுகிறார். தெரியாதவன் பயந்து பயந்து செய்வான். நன்றாகத் தெரிந்தவருக்குத்தான் நடுவில் எழுந்து போகிற தைரியம் வருகிறது... எனக்கும்தான். எத்தனை முறை அடுப்பில் எண்ணெயை வைத்துவிட்டுப் போனில் கதைத்திருக்கிறேன்!

கராஜ் கதவில் இப்போது ஒரு கொளுக்கி போட்டிருக்கிறார், உள்பக்கம். போன் சமையலறையில்தான் இருக்கும். கிளப்புக்குப் போவதை விடச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விட்டிருப்பார். அதனாலேயே கேட்கவில்லை.

அன்று பின்னேரம் நாலு மணிக்குத்தான் இருவரும் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். சோறும் மீன்குழம்பும். அவர் பிசைந்தார். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன பாக்கிறீர்?"

"ஒண்டுமில்லை. சாப்பிடுங்கோ."

வழக்கமாகக் குழம்பு முழங்கை வரை வழிந்தால் சத்தம் போடுவேன். அன்று போடவில்லை.