கோதுமை பியரும் ரோகிணி நட்சத்திரமும்

‘தெரியாது’ என்று சொல்ல எனக்கு வராது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்குப் போனவள் நான். செங்கல் சூளையில் வேலை செய்த அப்பாவும் அம்மாவும் கடிதம், மருந்துச் சீட்டு எதுவானாலும் என்னிடம்தான் நீட்டுவார்கள். புரியாத வரியையும் புரிந்த முகத்தோடு படித்துக் காட்ட ஏழு வயதிலேயே பழகிவிட்டேன். அந்த முகத்தோடுதான் ஆஸ்லோவுக்கும் வந்தேன்.

வேலையில் ஆறு மாதம் சோதனைக் காலம். அது முடிய ஒரு வாரம் இருந்த வெள்ளிக்கிழமை, மேலாளர் எங்கள் குழுவை ஆற்றோரத்தில் இருந்த பியர் கடைக்குக் கூப்பிட்டார். வெள்ளி மாலை அலுவலக ஆட்களோடு ஒரு பியர் என்பது இந்த ஊர் வழக்கம். எனக்கு அந்த மாலையில் வேறு வழக்கம். நகரின் ஓரத்தில், புருசெத்தில் நான் அறை எடுத்திருந்த வீட்டின் அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளிதோறும் என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போவார். அதைச் சொல்லியே அதுவரை தப்பித்து வந்தேன். அன்று முடியவில்லை. வடக்கே பெரிய ஏரிக்கரையில் மேலாளரின் அண்ணன் சிறிய அளவில் பியர் காய்ச்சுகிறாராம். சொந்த வயலில் விளைந்த கோதுமை. அது முதல்முறையாக ஆஸ்லோவுக்கு வந்திருக்கிறது, நீ கட்டாயம் வர வேண்டும் என்றார். என் வேலை நிரந்தரமாவது அவர் கையில் இருந்தது. அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு ஏழு மணிப் பூசைக்கு ஓடிவிடலாம் என்று நினைத்துப் போனேன்.

சுவரோரப் பெஞ்சின் உள்பக்கத்தில் இடம் கிடைத்தது. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் இரண்டு பேர், முன்னால் கனமான மேசை. நான் எழ வேண்டுமென்றால் இரண்டு பேர் எழ வேண்டும்.

இதற்கு முன் கோதுமை பியர் குடித்திருக்கிறாயா என்று மேலாளர் கேட்டார். எந்த பியரையும் நான் மோந்துகூடப் பார்த்ததில்லை. “சில தடவை” என்றேன். அவர் முகம் மலர்ந்தது. மற்றவர்கள் மரியாதைக்காகப் புகழ்வார்கள், விஷயம் தெரிந்த நீதான் உண்மையைச் சொல்ல வேண்டும், அண்ணன் காத்துக்கொண்டிருக்கிறான் என்றார்.

உயரமான கண்ணாடிக் குவளை என் முன்னால் வந்தது. கலங்கிய மஞ்சள், மேலே கெட்டியான வெள்ளை நுரை. மேலாளர் புட்டியின் அடியில் தங்கிய வண்டலையும் சுழற்றி ஊற்றினார். ருசி அதில்தான் இருக்கிறதாம். முகர்ந்தேன். வாழைப்பழம், கிராம்பு. எடுத்து வைத்து இரண்டு நாள் மறந்துபோன பஞ்சாமிர்தத்தின் வாசனை. கசக்கும் என்று பயந்திருந்தேன், அவ்வளவாகக் கசக்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

எங்கள் வீட்டில் ஒருவர் கையால் செய்து கொடுத்ததை மிச்சம் வைக்கக் கூடாது. மிச்சம் வைத்தால் கொடுத்தவரை முகத்துக்கு நேரே வேண்டாம் என்றதாக ஆகிவிடும். மற்றவர்கள் சிறிது சிறிதாகக் குடித்துப் பேசிக்கொண்டிருக்க, நான் கஷாயம் குடிப்பதுபோல் மூச்சைப் பிடித்துக்கொண்டு குவளையைக் காலி செய்தேன். கடன் தீர்ந்தது என்று கீழே வைத்தேன். காலிக் குவளை இங்கே வேறொன்றைச் சொல்கிறது. மேலாளர் கண் கலங்காத குறை. அடுத்த புட்டியைத் திறந்து ஊற்றினார்.

அப்போது கைப்பேசி அதிர்ந்தது. கிளம்பிவிட்டேனா என்று அக்காவின் செய்தி: ‘வெளிக்கிட்டிட்டீரோ? இண்டைக்கு உம்மடை பேரிலை அர்ச்சனை. வேலை நிரந்தரமாக வேணுமெண்டு சொல்லி வைச்சனான்.’

போன மாதம் அவர் என் நட்சத்திரத்தைக் கேட்டது நினைவுக்கு வந்தது. என் பிறந்த தேதியே தலைமையாசிரியர் பள்ளியில் சேர்க்கும்போது போட்டது. நட்சத்திரத்துக்கு எங்கே போவேன்? கேட்க அழகாக இருக்கிறதே என்று ‘ரோகிணி’ என்றிருந்தேன்.

இரண்டாவது குவளையையும் மிச்சம் வைக்கவில்லை. அண்ணனிடம் என்ன சொல்லட்டும் என்று மேலாளர் கேட்டபோது, நான் முன்பு குடித்தவற்றைவிட இது மேல் என்று சொன்னேன். இரண்டு பேரை எழுப்பிவிட்டு வெளியே வந்து ரயில் பிடித்தேன்.

அக்கா ரயில் நிலைய வாசலில் அர்ச்சனைத் தட்டோடு நின்றார். வாயை மூடியே தலையசைத்தேன். அவர் நெருங்கி வந்து என் முகத்தைப் பார்த்தார்.

“என்ன குடிச்சனீர்?”

“பியர்க்கா. கோதுமையில பண்ணது.”

“கோதுமையிலை செய்தா என்ன, குரக்கனிலை செய்தா என்ன. உள்ளுக்கை வரேலாது பிள்ளை. செருப்பு வைக்கிற இடத்திலை நில்லும், நான் அர்ச்சனையைச் செய்விச்சுக்கொண்டு வாறன்.”

கோயில் வாசலில் ஈரச் சப்பாத்துகளுக்கு நடுவில் நின்றேன். அப்பா எங்கள் ஊர்க் கோயிலுக்குள் போனதில்லை. விடமாட்டார்கள், தெருவில் நின்றே கும்பிடுவார். இந்தக் கோயிலில் யாரும் என்னை எதுவும் கேட்டதில்லை. முதல் நாள் உள்ளே நடந்தபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று அக்காவுக்கும் தெரியாது, நானும் சொன்னதில்லை. இப்போது திறந்த கதவு வழியாக ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்பது காதில் விழுந்தது. அக்கா உரக்கச் சொன்னார். என் பெயரோடு ரோகிணி. உள்ளே போய்த் திருத்தவும் முடியாது, வீட்டுக்குப் போகவும் முடியாது. இல்லாத ஒருத்திக்காக மணி அடித்தது.

அக்கா திரும்பி வந்து திருநீற்றைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். அவர் கண்ணைப் பார்க்காமல் சொன்னேன்.

“என் நட்சத்திரம் எனக்குத் தெரியாதுக்கா. சும்மா சொல்லிட்டேன்.”

அவர் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே, “தெரியாட்டி சுவாமி பேரிலை செய்யிறதுதானே. என்ரை மனுசனுக்கும் தெரியாது. இதைச் சொல்லத்தான் பியர் குடிச்சனீரோ?” என்றார்.

மறு வாரம் வேலை நிரந்தரமானது. கடிதத்தோடு மேலாளர் ஒரு காகிதப் பையும் நீட்டினார். உன்னைப்போல் ரசித்துக் குடித்தவரைப் பார்த்ததில்லை என்றதும் அண்ணன் கொடுத்தனுப்பினானாம். ஆறு புட்டிகள். அதற்கு முன் பியரே குடித்ததில்லை என்று மேலாளரிடமும் சொல்லிவிட வேண்டும் என வாயைத் திறந்து, நன்றி என்றேன். அவை என் அறையில் குளிர்காலச் சப்பாத்துக்குப் பின்னால் இருக்கின்றன. கொட்ட மனம் வரவில்லை, குடிக்கவும் மாட்டேன். எப்படி இருந்தது என்று மேலாளர் வெள்ளிதோறும் கேட்கிறார்.