நூற்றைம்பதுக்குப் பேரம் இல்லை

போன வாரம் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு பேரம் நடந்தது. மீனுக்கு அல்ல — என் மகளின் பிரஷருக்கு!

வளைகாப்பு முடிந்து, கை நிறைய வளையலோடு பிரசவத்துக்கு வந்திருக்கிறாள் கயல். காரைக்கால்மேட்டுப் படகுக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். அவளைப் பார்க்க அவள் மாமியார், அதாவது என் சம்பந்தி, மீன் ஏலம் முடிந்ததும் கையில் வஞ்சிரமும் வாய் நிறையப் பேச்சுமாக வந்து இறங்கினார்.

பேச்சுக்கு நடுவே கயல் பிரஷர் மெஷினை மாட்டினாள். கர்ப்பிணிகளுக்கும் சரியாகக் காட்டுவதாகச் சோதித்துத் தேறிய மாடலாகப் பார்த்து டாக்டர் வாங்கச் சொன்னது. பட்டனைத் தட்டினால் போதும்.

150 காட்டியது. மேல் அளவு 140-ஐத் தொட்டாலே வரச் சொல்லியிருந்தார் டாக்டர்.

"பேசிக்கிட்டே பாத்தா ஏறத்தான் செய்யும். கொஞ்சம் சும்மா இருங்க அத்தை" என்றாள் கயல். நாற்காலியில் முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை மேஜைமேல் வைத்து, ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்தாள். மறுபடி பட்டன்... அதே 150.

சம்பந்தி விடுவாரா? சொன்ன விலைக்கு எதையும் வாங்கிப் பழக்கமில்லாதவர் ஆயிற்றே!

"இடப்பக்கமா ஒருக்களிச்சுப் படும்மா. வலக் கையில இன்னொரு தடவ போடு."

படுத்தாள். 126!

"பாத்தீங்களா, எறங்கிடுச்சு!" என்று சம்பந்தி பூரித்தார். நானும் நிம்மதியாக மூச்சு விட்டேன். வேண்டிய நம்பர் வந்தபின் யாருக்குத்தான் கேள்வி கேட்கத் தோன்றும்?

என் மகளுக்குத் தோன்றியது.

"இல்ல அத்தை. ஒருக்களிச்சுப் படுத்தா மேல இருக்கற கை நெஞ்ச விட ஒசந்துடுது. மெஷின் கொறச்சுத்தான் காட்டும். ஒக்காந்து பாத்ததுதான் சரி. அம்மா, ஆட்டோவ கூப்பிடு."

மெஷினை மடியில் வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நர்ஸ் அவர்களுடைய கருவியில் பார்த்தார், எங்களுடையதிலும் பார்த்தார். இரண்டும் ஏறக்குறைய ஒன்றையே சொல்லின. "நல்லவேளை, உடனே வந்தீங்க. விட்டிருந்தா தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்தாயிருக்கும்" என்று டாக்டர் அன்றே அட்மிட் செய்துவிட்டார். இப்போது மாத்திரையில் இறங்கியிருக்கிறது. பிள்ளையின் இதயத் துடிப்பும் நன்றாக இருக்கிறது.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆறுதல் சொல்கிற நம்பரை வேண்டாம் என்று தள்ள எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? நான் பெற்றவளுக்கு வந்தது!

நேற்று வார்டில் மறுபடி பிரஷர் பார்க்கும் நேரம். பக்கத்துக் கட்டில்காரியைப் பார்க்க வந்தவர்கள் ஊர்க்கதையை ஆரம்பித்தார்கள்.

"உஷ்ஷ்... எம் மருமவ பிரஷர் பாக்குறா!"

காரைக்கால்மேட்டு ஏலத்தையே அடக்குகிற குரல் அது — வார்டே கப்சிப்!