நீலப் பரலும் நிந்தவூர்ச் சம்மந்தியும்

வெங்காயத் தோலைச் சேலைத் தலைப்பில் அள்ளிக்கொண்டு றபீக்கா பின்வளவுக்குப் போகிறாள். மூலையில், கழிவை மக்கவைத்துப் பசளை உரம் ஆக்க, அடியில் துளை போட்ட நீலப் பிளாஸ்டிக் பீப்பாய்; அவள் வாயில் அது பரல். தோலைக் கொட்டி, மேலே ஒரு கை உமியைத் தூவி மூடிவிட்டுத்தான் மூச்சு விடுவாள். நற்பிட்டிமுனை நெல்லு மில்லில் இவள் தலை தெரிந்தாலே உமிச் சாக்கு வெளியே வந்துவிடும்.

கல்முனைக் கடலோர மணலில் கத்தரி வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாடு தெரியும். ஊற்றிய தண்ணீர் நிற்காது, போட்ட பசளையும் தங்காது. "இந்த மணலுக்குப் பசி கூட. நாமதான் புள்ளைக்கு மாதிரி வாயில தீத்தணும்" என்பாள் றபீக்கா. கலியாண வீட்டுக்குப் போனாலும் பிரியாணியை விட அன்னாசித் தோலில்தான் கண். அதைப் பையில் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருகிற பொம்பிளையை என்னவென்று சொல்வது!

ஒருமுறை சறுக்கினாள். நோன்பு மாதம், நாலு வீட்டுக் கஞ்சி மதிலுக்கு மேலால் வந்து மிஞ்சிப்போனது. அல்லாஹ் தந்த உணவு, றிஸ்க்கை எறியப்படாது என்று, தேங்காய்ப்பாலும் இறைச்சியுமாக அத்தனையையும் பரலுக்குள் ஊற்றிவிட்டாள். ஒரு கிழமை முழுக்க நாற்றத்தில் பின்வளவில் மனிசர் நிற்க முடியவில்லை. புருசன் ஸஹீத் பரலைக் கடற்கரையில் கொண்டுபோய்ப் போடச் சொன்னார். அவளா கேட்பாள்? மூக்கைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் வெளியே கொட்டி, உமியும் சருகும் கலந்து, வெயிலில் கிளறி, திரும்ப நிரப்பினாள். அன்று தொட்டு ஆக்கிய சோறும் கஞ்சியும் கோழிக்கு; பரலுக்குப் பச்சைக் கழிவு மட்டும்.

அந்த நாற்றத்தை ஸஹீத் மறக்கவில்லை. மகள் நிப்லாவுக்குச் சம்பந்தம் பேசி, ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை வந்து இருக்கப்போகிற வீட்டைப் பார்க்க மாப்பிள்ளையின் உம்மா ஹாஜறா நிந்தவூரிலிருந்து வருவதாகச் சேதி வந்ததும் மனிசன் பின்வளவுக்கு ஓடினார். பரலை எடு என்றார். அதை எடுத்தால் நானும் அதோடு போகிறேன் என்றாள் இவள். கடைசியில் மேலே தார்ப்பாய்ப் படங்கு ஒன்றைப் போட்டு மூடுவது, றபீக்கா வாயைத் திறக்காமல் இருப்பது என்று முடிவானது.

ஹாஜறா வந்தார், அறைகளைப் பார்த்தார், பின்வளவுக்கும் வந்தார். கொத்துக் கொத்தாகத் தொங்கிய கத்தரியைப் பார்த்து அசந்துபோனார். வளவில் பழுத்த வாழைப்பழத்தை உரித்துத் தின்றபடி, இந்த மணலில் எப்படி இப்படிக் காய்க்கிறது என்று கேட்டார். கடைப் பசளைதான் என்று ஸஹீத் கூசாமல் சொன்னார்.

றபீக்காவுக்குப் பொறுக்கவில்லை. படங்கை இழுத்து எறிந்தாள். முழங்கை வரை கையை விட்டு, கறுத்த பசளையை ஒரு பிடி அள்ளிச் சம்மந்தியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"மணந்து பாருங்க ராத்தா. உங்கட மகன் இதுக்குப் பக்கத்திலதான் இரிக்கப் போறார். மறைச்சி வெச்சிக் கலியாணம் முடிக்க ஏலா."

கதவுக்குப் பின்னால் நிப்லா கண்ணை மூடிக்கொண்டாள். ஹாஜறா குனிந்து மணந்தார். இன்னொரு தரமும் மணந்தார்.

"மழ பெஞ்ச வயல் மாதிரியெல்லுவா இரிக்கு" என்றார்.

பிறகு கையிலிருந்த பழத்தோலைப் பார்த்தார். எட்டிப் பரலுக்குள் போட்டார். றபீக்கா உமியை அள்ளி அதன்மேல் தூவினாள். எப்போதும் ஒரு கைதான். அன்றைக்கு இரண்டு கையாலும் அள்ளினாள்.