கபசாவா சானின் குளத்தில் நான் போட்ட சோறு

கபசாவா இசாமு முப்பத்து நான்கு வருடம் ஜப்பானில் எங்கள் ஒஜியா ஊரில் பஸ் ஓட்டியவர். பனியில் பஸ் இரண்டு நிமிடம் தாமதமானால்கூட, ஏறுகிற ஒவ்வொருவரிடமும் தலை குனிந்து மன்னிப்புக் கேட்பார். வானம் பனியைக் கொட்டினால் இந்த மனிதர் என்ன செய்வார்? "அரை மணி முன்னாடியே கெளம்பியிருக்கணும், என் தப்புதான்" என்பார். எது நடந்தாலும் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொள்ளும் பிறவி. அந்தக் குணத்தை நான் எப்படிப் பயன்படுத்திக்கொண்டேன் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சொல்ல நாக்கு கூசுகிறது.

நான் அடுத்த வீட்டுக்காரி தொக்கிகோ; மரியாதைக்கு 'தொக்கிகோ சான்' என்பார். வாய்க்கொழுப்பு கொஞ்சம் அதிகம் என்று தெருவே சொல்லும்.

ஓய்வு பெற்றதும் அவர் கொல்லையில் மார்பளவு ஆழத்துக்குக் குளம் வெட்டி ஏழு கோய் வண்ண மீன் வளர்த்தார். எங்கள் ஊரில் கோய் வளர்க்காதவன்தான் அதிசயம். ஆனால் இவர் காலையில் டீ குடிப்பதற்கு முன்பே குளத்தில் தெர்மாமீட்டரை விட்டுப் பார்ப்பார். "என்ன டாக்டர், பிள்ளைங்களுக்கு ஜுரமா?" என்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பேன். சிரிப்பார். தலை மட்டும் சிவந்த ஒரு வெள்ளை மீன் அவர் விரலைச் சப்பிக்கொண்டு நிற்கும்.

போன நவம்பரில் நகோயாவிலிருக்கும் மகளுக்குப் பிரசவம். மூன்று வாரம் போக வேண்டும். வேலியோரம் வந்தார்.

"தொக்கிகோ சான், தண்ணி வத்துதான்னு மட்டும் பாத்துக்குங்க. தீனி போட்டுடாதீங்க. தண்ணி குளுந்துடுச்சுன்னா அதுங்களுக்குச் செரிக்காது, வயித்துக்குள்ளயே அழுகிடும்."

"மூணு வாரம் பட்டினியா?"

"வசந்தம் வரைக்கும்கூட இருக்கும். ஒண்ணும் ஆகாது."

"சரி சரி, நான் என்ன பச்சைக் குழந்தையா? போய்ப் பேரனைப் பாருங்க."

நாலாம் நாள் நல்ல வெயில். என் காலடிச் சத்தம் கேட்டு ஏழும் மேலே வந்து வாயைத் திறந்தன. எனக்கு மனசு கேட்கவில்லை. இந்த ஆளுக்கு என்ன கஞ்சத்தனம் என்றுகூட நினைத்தேன். மிஞ்சிய சோற்றைப் போட்டேன். மறுநாளும் போட்டேன். ஐந்து நாள் போட்டேன். அவை என் கையையும் சப்பின. இப்போது என்னிடமும்தான் வருகின்றன என்று எனக்குப் பெருமை வேறு! அதற்கு மறுநாள் பனி கொட்டியது.

அவர் திரும்புவதற்கு முந்தின நாள் அந்த வெள்ளை மீன் பக்கவாட்டில் மிதந்தது. வருடம் முடிவதற்குள் ஏழும் போய்விட்டன.

கடைசி மீனைப் புதைத்த அன்று நன்றி சொல்ல வந்தார். கையில் நகோயா அரிசி மிட்டாய்ப் பெட்டி.

"உங்களுக்குப் பெரிய தொல்லை குடுத்துட்டேன். தப்பு என்னோடதுதான். கெளம்புற அன்னிக்கு மனசு கேக்காம ஒரு பிடி தீனி போட்டேன். நானே கொன்னுட்டேன். அதானே இருக்கும்?"

வாயைத் திறந்தால் போதும். உண்மை நாக்கு நுனியில் இருந்தது. "இருக்கும்" என்றேன்.

ஒரே ஒரு சொல். பெட்டியையும் இரண்டு கையால் வாங்கிக்கொண்டேன். வெட்கங்கெட்டவள், தின்றும் தீர்த்தேன். அதற்குப் பிறகு குளிர்காலம் முழுக்க அவர் வீட்டுப் பக்க ஜன்னல் திரையை நான் விலக்கவில்லை.

ஏப்ரலில் பனி கரைந்ததும் அவர் தள்ளுவண்டியில் மண் கொண்டுவந்து குளத்தைத் தூர்க்க ஆரம்பித்தார். மலைமேல் மீன் பண்ணை வைத்திருக்கும் அவருடைய நண்பர் மிசாவா அன்று ஒரு வாளியில் மூன்று குட்டி மீன்களோடு வந்து நின்றார்.

"யோவ், மண்வெட்டியக் கீழ போடு. இதுங்கள வெச்சு வளத்துக்கோ."

"வேணாம்ப்பா. கொலைகாரன் கையில குடுக்காத."

மிசாவா எவ்வளவோ கெஞ்சினார். கடைசியில் திட்டிவிட்டு வாளியோடு போய்விட்டார். நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கையிலிருந்த சட்டையை அப்படியே போட்டுவிட்டு வேலியைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். குளம் முக்கால்வாசி மூடியிருந்தது.

"கபசாவா சான், நான்தான். நீங்க போனப்புறம் அஞ்சு நாள் சோறு போட்டேன். நீங்க போட்ட ஒரு பிடியால இல்ல. எல்லாம் தெரிஞ்சுதான் அன்னிக்கு 'இருக்கும்'னு சொன்னேன்."

இடுப்பு வளையக் குனிந்து நின்றேன். திட்டட்டும், மண்வெட்டியால் அடிக்கட்டும் என்றிருந்தது. மண்வெட்டி கீழே விழும் சத்தம் மட்டும் கேட்டது. நிமிர்ந்தால், அவர் ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டிருந்தார். முகத்தில் கோபத்தைத் தேடினேன், இல்லை. கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக இறங்குகிறது, வாயோ சிரிக்கிறது.

"அப்போ நான் கொல்லலையா?" என்றார்.

"இல்ல."

"நெசமாவா, தொக்கிகோ சான்? நான் இல்லையா?"

நாலு மாதம் அந்த மனிதரை அப்படி வைத்திருந்தேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு எனக்கு நன்றி சொன்னார்.