ஏணையடியில் நின்ற பிள்ளை

என்ர வேலை வீடு வீடாப் போய்க் கைக்குழந்தைகளைப் பார்க்கிறது. முள்ளியவளைப் பக்கம் எல்லாரும் "மிஸ்" எண்டுதான் கூப்பிடுவினம். அண்டைக்குத் தண்ணீரூற்றுக் கிராமத்தில ஒரு வீட்டுப் படலையைத் திறக்க முந்தியே அழுகைச் சத்தம். அங்க குறைமாசத்தில பிறந்த பெடியன் ஒருத்தன் இருக்கிறான், அவன்தான் கத்துறான் எண்டு நினைச்சன். இல்லை, அவன்ர அக்கா. நாலு வயசு. தாய் பூவரசந்தடியோட நிக்கிறா.

"மிஸ், இவளுக்கு ஒரு வழி சொல்லுங்கோ. சரியான குழப்படி. தம்பி கண்ணயர்ந்தாக் காணும், போய்க் கிள்ளி எழுப்பிப் போடுவாள்."

"முதல்ல அந்தத் தடியை எறியுங்கோ!"

பிள்ளையளுக்கு அடிக்கிறதைக் கண்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். அவாவின்ர முகம் கறுத்துப் போச்சு. பாவம், மனுசன் வயலில, தனிய ரெண்டோடயும் மாரடிக்கிறா. எண்டாலும் என்ர கோபம் அடங்கேல்லை.

கதிரையில இருந்து சொல்லத் தொடங்கினன். தம்பி வந்தாப்பிறகு மூத்ததுகளுக்கு ஏக்கம் வாறது வழமை, மடியில வைச்சுக் கொஞ்சுங்கோ, தம்பியின்ர வேலையளில இவளையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. எல்லா வீட்டிலயும் சொல்லுறதுதான். தாய் தலையாட்டிக்கொண்டு சின்னவனுக்குப் பால் குடுத்து, கூரை வளையில தொங்கக் கட்டின சேலை ஏணைக்குள்ள கிடத்தி, இலையான் மொய்க்காமல் சேலையின்ர ரெண்டு பக்கத்தையும் சேர்த்து ஊசி குத்தினா. பிறகு தேத்தண்ணி ஊத்தக் குசினிக்குள்ள போனா.

பெட்டை மெல்ல ஏணையடிக்குப் போனாள். சேலையில காதை வைச்சுக்கொண்டு நிண்டாள். குறட்டை மாதிரி ஒரு இழுவைச் சத்தம் எனக்கும் கேட்டது. பிறகு அது நிண்டுது. உடன அவள் கையை உள்ளுக்கு விட்டுக் கிள்ளினாள்.

சின்னவன் சிணுங்கேல்லை. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

ஐயோ கடவுளே! ஊசியைப் பிடுங்கி எறிஞ்சு சேலையை விரிச்சன். சின்னவன் வளைஞ்சு கிடக்கிறான், நாடி நெஞ்சில முட்டி, உதடு நீலம். தூக்கி நிமித்தி உள்ளங்காலில தட்டினன். ஒண்டுமில்லை. திருப்பித் தட்டினன். திடீரெண்டு வீரிட்டுக் கத்தினான். எனக்கும் அழுகை வந்திட்டுது.

ஓட்டோ பிடிச்சு ஆசுபத்திரிக்கு ஓடினம். பெட்டை காதை வைச்சுக் கேட்டதையும், சத்தம் நிண்டாப்பிறகு கிள்ளினதையும் வழியில தாய்க்குச் சொன்னன். டொக்டர் பெடியனை வாட்டில மறிச்சுப்போட்டார். "குறைமாசப் பிள்ளைக்கு இன்னும் கழுத்து நிக்கேல்லை. ஏணையில வளைஞ்சு கிடந்தால் மூச்சு அடைபடும். சமனான படுக்கையில மல்லாக்கக் கிடத்துங்கோ" எண்டார்.

"ஊரில எல்லாரும் ஏணையிலதானே வளர்ந்தது" எண்டு தாய் முணுமுணுத்தா. நானும் அதிலதான் வளர்ந்தனான். வாதாட எனக்கு மனம் வரேல்லை. பெடியன் இப்ப பால் குடிக்கிறான், அது காணும்.

வாட்டுக்கு வெளியில வாங்கில இருந்து அவா மகளை இழுத்து மடியில வைச்சா. "தம்பிக்கு மூச்சு நிக்குது எண்டு தெரிஞ்சால் அம்மாட்டச் சொல்லுறதெல்லே, குஞ்சு?"

பெட்டை யோசிக்கவே இல்லை.

"சொன்னனான் அம்மா. பொய் சொல்லுறன் எண்டு அடிச்சனீங்கள்."