எங்கள் நூலகத்தின் ஒற்றைச் சால்வை

எங்கள் கிளை நூலகத்தில் எல்லாமே இலவசம். சனிக்கிழமை பிள்ளைகளுக்குச் சதுரங்கம், கோடை விடுமுறையில் ஓவிய வகுப்பு, எப்போதாவது கண் பரிசோதனை முகாம், ஒன்றுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடி ஹாலில் வாசகர் வட்டக் கூட்டம். ஓசி என்றால் கூட்டம் அலைமோதும் என்று நினைப்பவர்கள் கிழக்குத் தாம்பரத்துக்கு வந்து பார்க்க வேண்டும். பத்து மணிக் கூட்டத்துக்குப் பத்தரைக்கு வந்து, மின்விசிறிக்குக் கீழே இருக்கும் நாற்காலியில் கைக்குட்டையைப் போட்டுவிட்டு, கீழே போய்ப் பேப்பர் படிக்கிற ஜனங்கள் நாங்கள். சுண்டல் பாத்திரம் மாடி ஏறினால்தான் நாங்களும் ஏறுவோம்.

வட்டத்தில் எனக்குச் சால்வைப் பொறுப்பு. சிரிக்க வேண்டாம், அது லேசுப்பட்ட வேலை இல்லை. எங்களிடம் இருப்பது ஒரே ஒரு சால்வை. அரக்கு நிறம், ஓரத்தில் ஜரிகை. முன்பெல்லாம் பேச வருகிறவர்களுக்கு ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டிருந்தோம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், "எங்க வீட்டு பீரோவுல புடவை வைக்க இடமில்லைன்னு சண்டை. இதை அடுத்தவருக்கே போத்திடுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. நான் தாம்பாளத்தில் ஏந்திக்கொண்டு போவேன், யாராவது பெரியவர் வாங்கிப் போர்த்துவார், போட்டோ எடுப்பார்கள். விருந்தினர் மேடையை விட்டு இறங்கியதும் நூலகர் கையை நீட்டி, "குடுங்க, மடிச்சுத் தரேன்" என்பார். மடிப்பார். தரமாட்டார். சால்வை என் பைக்கு வந்துவிடும். நான் வீட்டில் அலசி, இஸ்திரி போட்டு, ரசகற்பூர உருண்டையோடு பீரோவில் வைப்பேன். இதை யாரும் யாருக்கும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எல்லாருக்கும் தெரியும்.

எல்லாருக்கும் தெரியும் என்று நாங்களாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

மகளிர் தினக் கூட்டத்துக்கு வழக்கமாக ஒரு டாக்டரம்மா வருவார். அந்த வருஷம் மகளின் பிரசவத்துக்கு வெளிநாடு போய்விட்டார். வேறு யார் என்று பெரியவர்கள் மோவாயைத் தடவிக்கொண்டிருந்தபோது, நான்தான் வாசலைக் காட்டினேன். நூலக வாசலில் இருக்கும் வேப்பமர நிழலில் தினமும் ஒரு ஷேர் ஆட்டோ நிற்கும். ஸ்டேஷனுக்கும் கேம்ப் ரோட்டுக்குமாக அதை ஓட்டுகிறவள் ஒரு பெண். புடவை மேல் காக்கிச் சட்டை, நாற்பத்தைந்து வயசு இருக்கும், வாய் மட்டும் ஊருக்கு முன்னால் ஓடும். மகளிர் தினத்துக்கு மகளிரைக் கூப்பிடாமல் வேறு யாரைக் கூப்பிடுவது என்று கேட்டேன். பெரியவர்கள் சம்மதித்தார்கள்.

அவள் பேசினாள் பாருங்கள், சுண்டலை மறந்து உட்கார்ந்திருந்தோம். பெண் ஓட்டுகிறாள் என்று பார்த்ததும் இறங்கிப் போனவர்கள், பயந்து கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்து இறங்கும்போது ஆசீர்வாதம் செய்தவர்கள் என்று ஒவ்வொருவராக நடித்தே காட்டினாள். கடைசியில் எங்களுக்கும் ஒன்று வைத்தாள்.

"இத்தினி வருசமா வாசல்லயே வண்டிய நிறுத்திக்கினு கீறேன். உள்ள வர்றதுக்குத் துட்டு கேப்பீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன். ஓசின்னு ஒருத்தராவது சொன்னீங்களா?"

ஹால் முழுக்கச் சிரிப்பு. சால்வை போர்த்தினோம். இறங்கி வந்தவளிடம் நூலகர் வழக்கம்போல் கையை நீட்டி, "குடுங்கம்மா, மடிச்சுத் தரேன்" என்றார்.

"வேணாம் சார், நானே மடிச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, தோளில் சால்வையோடு படியிறங்கி ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள். நூலகரின் கை நீட்டியபடியே நின்றது.

எனக்கு வந்ததே கோபம். அடுத்த கூட்டத்துக்கு வரப்போகிறவர் ஒரு பேராசிரியர், மரியாதையில் குண்டுமணி குறைந்தாலும் முகம் சுருங்கிவிடும். புதுசு ஒன்று வாங்கிவிடலாம் என்றார் ஒருவர். என் பொறுப்பில் இருந்த பொருளை விட்டுவிட்டுப் புதுசு வாங்க நான் என்ன ஏமாளியா? நானே போய்க் கேட்கிறேன் என்று கிளம்பினேன். ரயில்வேயில் ஓய்வுபெற்று, அதன்பின் ஈசிசேரிலிருந்து ஓய்வே பெறாத என் வீட்டுக்காரர், "போய்க் கேளு, உனக்கும் ஒண்ணு போத்தி அனுப்புவா" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து கிண்டல் செய்தார்.

ஸ்டேஷன் வாசலில் மற்ற ஆட்டோக்களை எல்லாம் விட்டுவிட்டு அவள் வண்டி வரும்வரை காத்திருந்து ஏறினேன். மற்றவர்கள் இருக்கும்போது எப்படிக் கேட்பது? கேம்ப் ரோட்டில் எல்லாரும் இறங்கிய பிறகும் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். இஸ்திரி போட்டுத் தருகிறேன் என்று ஆரம்பிக்கலாமா, போட்டோவுக்கு இன்னொரு தடவை வேண்டும் என்று ஆரம்பிக்கலாமா என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"சால்வைக்குத்தானே வந்தீங்க மேடம்? அந்த சார் கைய நீட்டுனப்போ எனக்கு வெளங்கல. பாதிப் படி எறங்குனப்பறம்தான் வெளங்கிச்சு. திரும்பி ஏறி வந்து குடுத்திருக்கலாம். மனசு வரல."

பிறகு விஷயத்தைச் சொன்னாள். அவள் மகள் சிறுசேரியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அதே கம்பெனியில் வேலை பார்க்கும் கூடுவாஞ்சேரிப் பையனுக்கும் அவளுக்கும் பிடித்துப்போயிற்று. பையன் வீட்டார் ஒரு முறை வந்து பார்த்தார்கள். அன்று இவள் ஆட்டோவைப் பக்கத்துத் தெருவில் நிறுத்தி மறைத்து வைத்திருக்கிறாள். அப்படியும் பையனின் அம்மாவுக்கு விஷயம் தெரிந்து, பெண் நல்ல பெண்தான், அம்மா ஆட்டோ ஓட்டுவதுதான் யோசனையாக இருக்கிறது என்று யாரிடமோ சொல்லி, அது இவர்கள் காதுக்கே வந்து சேர்ந்தது. மகள் ராத்திரியெல்லாம் அழுதிருக்கிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மறுபடி வருகிறார்கள். வேண்டும், வேண்டாம் என்று அன்றைக்குத் தெரிந்துவிடும்.

"இந்த வாட்டி வண்டி வாசல்லதான் நிக்கும் மேடம். சால்வ என் தோள்ல கெடக்கும். ஞாயித்துக்கெழம வரைக்கும் வுடுங்க, மறுநாளு நானே கொண்டாந்து குடுத்துர்றேன்."

அதே ஞாயிற்றுக்கிழமைதான் பேராசிரியரும் வருகிறார். வரட்டும். நன்றாக விரித்துப் போட்டுக்கொள், ஜரிகை வெளியே தெரியட்டும் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். மேல்தட்டில் என் வீட்டுக்காரரின் பணி ஓய்வு விழாச் சால்வை பிளாஸ்டிக் கவரோடு அப்படியே இருந்தது. ஒரு நாள் இரவல் கேட்டதற்கு, ரயில்வேயையே எழுதித் தரச் சொன்னதுபோல் குதித்தார். கடைசியில் சால்வைக்குக் காவலாகத் தானே வருவதாக நிபந்தனை போட்டார். இத்தனை வருஷத்தில் அவர் வந்த முதல் இலக்கியக் கூட்டம் அதுதான். பேராசிரியர் என்னவோ நன்றாகத்தான் பேசினாராம். என் மனசு முழுக்க அந்த ஆட்டோக்காரி வீட்டில் பஜ்ஜித் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. பேச்சு முடிந்ததும் நூலகருக்கு முந்தி என் வீட்டுக்காரர் படியோரம் போய் நின்று, "குடுங்க சார், மடிச்சுத் தரேன்" என்று கையை நீட்டிவிட்டார். வாங்கியதும் விறுவிறுவென்று வீட்டைப் பார்க்க நடந்துவிட்டார்.

மறுநாள் காலையிலேயே நூலக வாசலுக்குப் போய்விட்டேன். ஆட்டோ வந்து வேப்பமரத்தடியில் நின்றது. அவள் துணிக்கடைப் பையோடு இறங்கினாள். முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"தட்டு மாத்தியாச்சு மேடம்" என்றாள்.

ஐயோ, நான் கட்டிப் பிடித்துக்கொண்டேன். நடந்ததைச் சொன்னாள். வந்ததிலிருந்து பையனின் அம்மா எதையும் தொடவில்லையாம், சால்வையையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். எங்கே போர்த்தினார்கள், எதற்குப் போர்த்தினார்கள் என்று கேட்க, மகள் அன்று ஹாலின் கடைசி வரிசையிலிருந்து செல்போனில் எடுத்து வைத்திருந்த பேச்சைப் போட்டுக் காட்டியிருக்கிறாள். அந்த அம்மா முழுவதையும் பார்த்தாளாம். பார்த்துவிட்டு மெதுவாக, "இத நானும் ஒரு தடவ போத்திப் பாக்கட்டுமா? எனக்கு இதுவரைக்கும் யாரும் ஒண்ணும் போத்துனதில்ல" என்றாளாம். இவள் எழுந்து தன் தோளிலிருந்து எடுத்து அவள் தோளில் போட்டாள். பிறகு அத்தை, சித்தி என்று வந்திருந்த பெண்களெல்லாம் ஆளாளுக்குப் போர்த்திப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். திரும்பும்போது ஸ்டேஷனுக்கு இவள் ஆட்டோவிலேயே போனார்கள்.

சொல்லி முடித்துவிட்டுப் பையிலிருந்து சால்வையை எடுத்தாள். துவைத்து, என்னைவிட நேர்த்தியாக மடித்திருந்தாள். நான் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"உங்களுக்கு எத்தினி வாட்டி போத்திருக்காங்க மேடம்?"

எண்ணிப் பார்த்தேன், ஒரு விரல்கூட மடங்கவில்லை. அலசியது நான், இஸ்திரி போட்டது நான், தாம்பாளத்தில் ஏந்தியது நான். காலமெல்லாம் வீட்டு ஹாலில் டியூஷன் எடுத்தவளுக்கு ஓய்வு விழா யார் நடத்துவார்கள்? எனக்கு எதற்கம்மா என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

அவள் சால்வையை உதறி விரித்தாள். ஆட்டோவுக்கு நின்றவர்கள் பார்க்க, நடு வாசலில் என் தோளைச் சுற்றிப் போர்த்தி, ஒற்றை ஆளாகக் கைதட்டினாள். ஜன்னலுக்கு உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த தலைகள் நிமிர்ந்தன. சத்தம் கேட்டு நூலகர் வெளியே வந்தார். சால்வையைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் கையை நீட்டினார்.

"குடுங்க மேடம், மடிச்சுத் தரேன்."

"வேணாம் சார்" என்றேன். "நானே மடிச்சுக்கறேன்."